வரிசை நாளில் போடாத மாத்திரை

ஜெயவேலின் உடம்பில் மூன்று சிறுநீரகங்கள் இருந்தன. பிறக்கும்போது வந்த இரண்டும் சுருங்கிப்போய்விட்டன. அவற்றை எடுக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். மூன்றாவது அடிவயிற்றின் வலது பக்கம், கை வைத்தால் தட்டுப்படும் இடத்தில் இருந்தது. அது அவருடைய அக்கா செங்கொடி கொடுத்தது. 2003 பிப்ரவரியில் வைத்தார்கள். மூன்றரை ஆண்டு வேலை செய்தது. டாக்டரிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் என்று ஜெயவேல் நினைக்கிறார். டாக்டரும் அப்படித்தான் நினைக்கிறார்.

ஜெயவேல் வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் வளர்ந்தவர். அம்மா சீக்கிரம் இறந்துவிட்டார். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. ஆறு வயது மூத்த செங்கொடிதான் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தெருச் சண்டையில் மண்டை உடைந்து வந்தால் முதலில் மஞ்சள் வைப்பார்; ரத்தம் நின்ற பிறகு அறைவார். பத்தாவதில் கணக்கில் தேறாத ஜெயவேல் பட்டறைக்குப் போனார். லாரிக்குக் கீழே படுத்து நான்கு வருடம் கிரீஸ் அடித்தவர், இருபத்திரண்டு வயதில் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முப்பதில் டிரெய்லர். மாதவரம், மணலி கிடங்குகளில் கண்டெய்னர் ஏற்றித் துறைமுகத்தில் இறக்க வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டிருந்தது; மனைவி ராஜாத்தி.

தலைவலி அடிக்கடி வந்தது. என்ஜின் சூடு என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அது ரத்தக் கொதிப்பு என்று தெரிந்தபோது சிறுநீரகங்கள் முடிந்திருந்தன. 2001-ல் ஒரு நாள் கால் வீங்கி, செருப்பில் நுழையவில்லை. ஒன்றரை வருடம் வாரம் இரண்டு முறை ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட வாழ்க்கை. ராஜாத்தியின் ரத்த வகை சேரவில்லை. செங்கொடியின் ரத்தம் சேர்ந்தது. அவருடைய கணவருக்குத்தான் மனம் சேரவில்லை.

"ரெண்டு புள்ளைங்க கீது. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பார்ப்பாங்க?" என்றார் கணவர்.

"எனக்கு ரெண்டு கீது. அவனுக்கு ஒண்ணுகூட இல்ல. இதுல இன்னா யோசன?" என்றார் செங்கொடி.

ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கர் வேலை அவருக்கு. மூன்று மாதம் லீவு போட்டுவிட்டுத் திரும்பியபோது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். பண்டல் தூக்க முடியாது என்பதால் நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் தம்பியிடம் வாய் திறக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள், விலாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, தம்பியின் அறை வாசலில் நின்றார். முகத்தில் மாஸ்க். உள்ளே விடமாட்டார்கள்.

"டேய் வேலு, நல்லா கேட்டுக்கோ. மாத்திரைய ஒருவேள கூட வுடாத. அந்தக் கிட்னி இன்னும் என்னோடதுதான். உங்கிட்ட குடுத்து வெச்சிகீறேன், அவ்ளோதான்."

"வுட மாட்டேங்கா."

"சத்தமா சொல்லு. கேக்கல."

"வுட மாட்டேங்கா!"

பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்தவர் உறுப்பை உடம்பு தன்னுடையதாக ஏற்றுக்கொள்வதில்லை. அன்னியன் நுழைந்துவிட்டான் என்று தாக்கும். அந்தத் தாக்குதலை அடக்கி வைக்கத்தான் மாத்திரைகள். ஜெயவேலுக்கு மூன்று வகை. அவற்றில் ஒன்று கத்திரிப்பூ நிறத்தில், நீளமாக, விழுங்கும்போது தொண்டையில் உரசும். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. முதல் வருடம் அவர் ஒருவேளைகூட விடவில்லை. இதை ராஜாத்தி எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்யத் தயார்.

எட்டு மாதத்தில் மறுபடி டிரெய்லர் ஏறினார். கனமான வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஸ்டியரிங் பிடிப்பதை ஜெயவேல் கனமான வேலையாக நினைக்கவில்லை. விம்கோ நகரில் ஆபீஸ் வைத்திருந்த புது முதலாளியிடம் சேர்ந்தார். வயிற்றிலுள்ள தழும்பைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீரகம் மாற்றிய ஆளிடம் யார் வண்டி கொடுப்பார்கள்? கேட்டவர்களுக்குக் குடலிறக்கம் என்று சொன்னார்.

அவருடைய வேலையின் பாதி, ஓட்டுவது. மறுபாதி, நிற்பது. துறைமுகத்துக்குள் போக வேண்டிய வண்டிகள் கடற்கரைச் சாலையில் வரிசை கட்டி நிற்கும். வால் சில நாள் திருவொற்றியூரில் முடியும், சில நாள் எர்ணாவூரையும் தாண்டும். பதினாறு மணி நேரம், இருபது மணி நேரம். அரை மணிக்கு ஒருமுறை நான்கு வண்டி நீளம் நகரும். அந்த நேரத்தில் டிரைவர் வண்டியில் இல்லையென்றால் பின்னால் இருப்பவர் ஒதுங்கி முன்னால் போய்விடுவார். அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் போவார்கள். விட்ட இடம் விட்டதுதான். வாலுக்குப் போய் நிற்க வேண்டும். இந்தச் சட்டத்தை எந்தப் போலீஸ்காரரும் போடவில்லை, டிரைவர்களே போட்டுக்கொண்டது. கிளீனர் வைத்துக்கொள்வதை முதலாளிகள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதனால் முன்வண்டிக்காரரும் பின்வண்டிக்காரரும் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் டீ குடிக்கப் போனால் மற்றவரிடம் சாவி.

ஜெயவேலின் ஜோடி அப்துல் வஹாப். ராயபுரத்துக்காரர். ஐம்பது வயது, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய். இருவரும் ஒரே கிடங்கில் சரக்கு ஏற்றுவதால் பெரும்பாலும் அடுத்தடுத்த வண்டி.

2004 கோடையில் ஜெயவேலுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் நிற்கும் என்று பார்த்தார். நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு முறை, எட்டு முறை. சாலைக்கும் கடலுக்கும் நடுவே கொட்டியிருந்த கருங்கற்கள்தான் டிரைவர்களுக்குக் கழிப்பறை. சாவியை வஹாபிடம் வீசிவிட்டு ஓடுவார்.

"இன்னா மாமு, மறுபடியுமா? மீனுக்குத் தீனி போட்டுக்கினே கீறியே. காசிமேட்டுல மீன் வெல எறங்கிடப்போது!"

"மூலம் பாய்."

"மூலக்காரன் குந்தவே பயப்படுவான்யா. நீ இன்னாடான்னா பறந்துகினு போற. கருணைக்கிழங்கு துன்னு, அல்லாம் கட்டும்."

சொன்னதோடு விடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மூன்று மாதம், வீட்டில் சமைத்த கருணைக்கிழங்கு மசியல் அடிக்கடி ஒரு டிபன் பாக்ஸ் நிறைய வந்தது. பொய் சொன்ன குற்றத்துக்கு ஜெயவேல் அதை முழுதும் தின்றார். வயிறு இன்னும் மோசமாயிற்று.

மருத்துவமனையில் அவரைப் பார்த்துவந்த டாக்டர் மகிமா மலத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். பூச்சி இல்லை, கிருமி இல்லை. "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அடிபம்புத் தண்ணீர் என்றதும் அவர் முகத்தில் விடை கிடைத்த தெளிவு. வடசென்னைத் தண்ணீரைப் பற்றி அவருக்குச் சொல்லவா வேண்டும்? எண்ணெய் வாடை அடிக்கும் மஞ்சள் தண்ணீர் குடித்து வயிறு கெட்டவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். அமீபாவுக்கு மாத்திரை எழுதினார். ராஜாத்தி தண்ணீரைக் கால்மணி நேரம் கொதிக்க வைத்தார். பிறகு அரைமணி நேரம். பிறகு கேன் தண்ணீர். ஜெயவேல் அறுபத்தெட்டு கிலோவிலிருந்து ஐம்பத்தேழுக்கு வந்தார்.

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு மத்தியான வேளை. வரிசை திருவொற்றியூர் அருகே நின்றது. ஜெயவேல் அன்று காலையிலிருந்து நான்கு முறை வஹாபிடம் சாவி கொடுத்திருந்தார். ஐந்தாவது முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. வஹாபும் அப்போதுதான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வரிசை நகர்ந்தது. கிளட்சை மிதித்தார். அந்த அழுத்தத்தில் எல்லாம் போய்விட்டது.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஈரக் கைலியோடு அதே சீட்டில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வஹாப் டீயோடு வந்து கதவைத் தட்டியபோது, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். முப்பத்து நான்கு வயது ஆள்.

அடுத்த மாதம் மருத்துவமனை கவுண்ட்டரில் கத்திரிப்பூ மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் வரிசையில் ஜெயவேல் ஒரே ஒரு முறைதான் கீழே இறங்கினார். வஹாபோடு சேர்ந்து பிரியாணி தின்றார். மாத்திரை வந்தது, போட்டார், இரண்டாம் நாள் மறுபடி ஓட்டம். சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே மூன்று நாள் நிறுத்திப் பார்த்தார். வயிறு அடங்கியது. போட்டார்; பிடுங்கியது. இன்னொரு முறையும் செய்து பார்த்தார். அதே பதில்.

ஆக, டாக்டர் எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த காரணத்தை டிரைவர் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவரிடம் ஒரு காட்சி இருக்கிறது. ஒரு பரிசோதனை நாள், வராந்தாவில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது, மாத்திரை விட்ட ஓர் இளைஞரை டாக்டர் மகிமா சத்தம் போட்டார். "உங்க அம்மா கொடுத்ததைக் குப்பையில போட்டுட்டு வந்திருக்கீங்க." அந்த இளைஞர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயவேலும் தரையைப் பார்த்தார். மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன் என்று சொன்னால் தனக்கும் இதேதான். பிறகு அது அக்கா காதுக்குப் போகும்.

அதனால் தானே ஒரு வழி செய்துகொண்டார். வரிசை நாட்களிலும், அதற்கு முந்தின இரண்டு நாளும் கத்திரிப்பூ மாத்திரை கிடையாது. மற்ற மாத்திரைகள் வழக்கம்போல. வீட்டில் இருக்கும் நாட்களில், விட்டதை ஈடுகட்ட, இரண்டுக்கு மூன்றாகப் போட்டுக்கொண்டார். அந்த மாத்திரை குடலில் உண்டாக்கியிருந்த புண் அதனால் ஆழமாகியது. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் சிறுநீரகம் காவலில்லாமல் கிடந்தது. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிலிருந்து மட்டும் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடுவார்.

"கரெக்டா போடுறீங்களா?"

"போடுறேன் மேடம்."

"ஒருவேளைகூட விடலையே?"

"இல்ல மேடம்."

கிரியாட்டினின் என்று ரத்தத்தில் ஒரு கழிவு. அதன் எண் ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். ஒன்று புள்ளி மூன்றில் இருந்தது ஒன்று புள்ளி ஒன்பது ஆனது. வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டதால் ஏறியிருக்கும் என்று டாக்டர் சலைன் ஏற்றினார். கொஞ்சம் இறங்கியது. அடுத்து இரண்டு புள்ளி நான்கு. மாத்திரை சரியாகப் போடுகிறேன் என்று நோயாளி சொல்லும்போது, டாக்டருக்கு வேறு பக்கம் பார்க்கத் தோன்றவில்லை.

2006 மார்ச்சில் முகம் வீங்கிப் படுத்தார். எண் நான்கைத் தாண்டியிருந்தது. சேர்த்துக்கொண்டு, சிறுநீரகத்தில் ஊசி விட்டுப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள். ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்த்து, அங்கும் சதை எடுத்தார்கள்.

நான்காம் நாள் காலை டாக்டர் மகிமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டில் அருகே உட்கார்ந்தார். அவர் வார்டில் உட்கார்ந்து ஜெயவேல் பார்த்ததில்லை.

"ஜெயவேல், உங்க குடல்ல புண் இருக்கு. கிருமியால வந்தது இல்ல. அந்தக் கத்திரிப்பூ கலர் மாத்திரையால வந்தது. சில பேருக்கு அது குடலோட உள்தோலை அரிச்சிடும். எனக்கு ஒரு வருஷம் முன்னாடியே தோணியிருக்கணும். உங்க ஏரியாத் தண்ணி மேலேயே பழியைப் போட்டுட்டேன்."

ஜெயவேல் போர்வையை வயிற்றுக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

"அப்பவே அளவைக் குறைச்சிருக்கலாம். இல்ல, வேற மாத்திரைக்கு மாத்தியிருக்கலாம்."

"வேற மாத்திரை கீதா மேடம்?"

"இருக்கு. ரொம்ப வருஷமா இருக்கிற மாத்திரைதான். இங்க கவுண்ட்டர்லேயே கொடுப்பாங்க. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

ஜெயவேல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு மாத்திரை இருக்கிறது என்பது அவர் கற்பனையிலும் வராத விஷயம். மாத்திரை என்றால் அதுதான். போட வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். இரண்டே வழி என்று நினைத்திருந்தார்.

"உங்க மேல தப்பு இல்ல மேடம்," என்றார் சுவரைப் பார்த்தபடி. "அந்த மாத்திரைதான்னு எனக்குத் தெரியும். ஒண்ணேகால் வருஷமாத் தெரியும்."

எல்லாவற்றையும் சொன்னார். வரிசை, கற்கள், சாவி, ஈரக் கைலி. டாக்டர் குறித்துக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை மூடினார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

வராந்தாவில் திட்டு வாங்கிய அந்த இளைஞரைப் பற்றி ஜெயவேல் சொன்னார். டாக்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருக்கு அப்படி ஒரு நாள் ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொன்னார்.

மாத்திரையை மாற்றினார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்ற மூன்று நாள் ஊசி போட்டார்கள். எண் இறங்குவதுபோல் இறங்கி, மறுபடி ஏறியது.

வஹாப் ஆரஞ்சுப் பழங்களோடு வார்டுக்கு வந்தார். மூலத்துக்கு ஆபரேஷன் என்று நினைத்து வந்தவர், கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் விசாரித்தார். திரும்பி வந்தபோது பழப்பை கையிலேயே இருந்தது.

"கிட்னியாமே?"

"ஆமா பாய்."

"மூலம்னு சொல்லி என் பொண்டாட்டிய மூணு மாசம் கருணைக்கிழங்கு வேக வெக்க வெச்சியேடா பேமானி!" குரல் உயர்ந்தது, பிறகு உடைந்தது. "ஒரு வார்த்த. ஒரே வார்த்த சொல்லிருந்தா நான் உன் வண்டியும் சேர்த்து நவுத்திகினே போயிருக்க மாட்டனா? எனக்கு இன்னா பேஜாரு? ரெண்டு வண்டி எடுக்கத் தெரியாதவனா நானு?"

"அஞ்சு வாட்டி ஆறு வாட்டி எப்டி பாய் கேக்குறது?"

"அம்பது வாட்டி கேளேன்டா."

ஆகஸ்டில் சிறுநீரகம் நின்றது. மறுபடி வாரம் இரண்டு முறை இயந்திரம்.

செங்கொடியிடம் உடம்பு ஏற்கவில்லை என்று மட்டும்தான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். சிலருக்கு அப்படி ஆகும், யார் தப்பும் இல்லை என்று அவர் தன்னையே தேற்றிக்கொண்டிருந்தார். தன் சிறுநீரகத்தில் ஏதும் குறை இருந்ததா என்று ராஜாத்தியிடம் இரண்டு முறை கேட்டாராம். அதைக் கேள்விப்பட்ட பிறகு ஜெயவேலால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலடிப்பேட்டையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனார்.

செங்கொடி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயவேல் எதிரே குந்தி, முழுதும் சொன்னார். முறம் ஆடுவது நின்றது. உள்ளேயிருந்த அவர் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"வண்டிலயே போச்சாடா?"

"ஆமாங்கா."

"அதுக்கப்பாலதான் நிறுத்துனியா?"

"ஆமாங்கா."

செங்கொடி முறத்தைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று ஜெயவேல் தயாராக வந்திருந்தார். அறைவார் என்றுகூட நினைத்தார்.

"உனக்கு எத்தினி வருஷம் கழுவி வுட்டுகீறேன். அம்மா செத்தப்போ உனக்கு ரெண்டு வயசு. என்னாண்ட சொல்றதுக்கு இன்னாடா வெக்கம்?"

தரையில் கிடந்த ஓர் அரிசியைப் பொறுக்கி ஜெயவேல் முறத்தில் போட்டார்.

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு," என்றார். பிறகு, "போ வேலு. இப்ப போ," என்றார்.

இரண்டு மாதம் பேசவில்லை. ஜெயவேல் போன் செய்தால் பிள்ளைகளில் யாராவது எடுத்து, அம்மா வேலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ராத்திரி ஏழு மணிக்கும் வேலைக்குத்தான் போயிருந்தார்.

தீபாவளி முடிந்து ஒரு நாள், கம்பெனிக்கு வெளியே இருந்த, ஒரு ரூபாய்க் காசு போடும் போனிலிருந்து அக்காவே அழைத்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"வயிறு எப்டி கீது?"

"நின்னுபோச்சுக்கா. அந்த மாத்திரைய மாத்துன ரெண்டு மாசத்துல சரியாப்பூடுச்சு. இப்ப ஒண்ணுமில்ல."

"ரெண்டே மாசத்துலயா?"

"ஆமாங்கா."

பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. அக்கா போனை வைத்துவிட்டார் என்று நினைத்தார். வைக்கவில்லை.

"வெள்ளிக்கெழம மெஷினுக்கு எத்தினி மணிக்குப் போணும்?"

"ஏழுக்கு."

"ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லு. ராஜாத்தி வூட்டப் பாக்கட்டும். நான் வரேன்."

வேண்டாம் என்று சொல்ல ஜெயவேலுக்கு வாய் வரவில்லை. வா என்று சொல்லும் தகுதி இருப்பதாகவும் தோன்றவில்லை. "சரிக்கா" என்பதற்குள் ஒரு ரூபாய் தீர்ந்துபோனது.